கேபிள் டை நிக்குமா

வாத்துக் கூண்டுக்கு வலை அடிக்கிறப்ப எதப் போட்டு இறுக்குறதுன்னு சேத்தியாத்தோப்பு இளமதி மேடம் நேத்து நம்ம குரூப்புல கேட்டிருந்தாங்க. யூ ஆணியா, கட்டுக்கம்பியா, அமுக்குனா வளையமாவுற சி ரிங்கா, கறுப்பு பிளாஸ்டிக் கேபிள் டையான்னு. டைதான் கடையில ஈசியா கெடைக்குது, அது நிக்குமான்னு.

நல்ல கேள்வி. வலை என்னா கேஜு, ஓட்டை என்னா சைஸுன்னு எல்லாரும் பேசுவாங்க. அந்த வலைய சட்டத்தோட எது புடிச்சிகிட்டு நிக்குதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கீரி வலையக் கடிச்சி உள்ள போவாது மேடம். ஓரத்துல எங்க லொடலொடங்குதோ அங்க மூக்க வுட்டுப் பாக்கும். மூக்கு போனா ஒடம்பு போவும். கூண்டுங்கறது வலை இல்ல, கட்டு. இத நான் பல வருசமா சொல்லிகிட்டுதான் இருக்கேன்.

மேடம் கேள்விக்குக் கீழ நெறையப் பேரு பதில் போட்டிருந்தீங்க. கேபிள் டை வேணவே வேணாம், விருத்தாசலத்துல டை தெறிச்சி நாய் வெளிய வந்து ஒரு அம்மா செத்தே போச்சின்னு நாலு பேரு எழுதியிருந்தீங்க. சி ரிங்கு போடுங்கன்னு சிலரு. எதுக்கு வம்பு, வேப்பூர் ஹைவேல ரெடிமேடு கூண்டு விக்குது, வாங்கி வெச்சிட்டுப் போங்கன்னு சிலரு. கட்டுக்கம்பின்னு ஒருத்தரு சொல்லல. ஒருத்தரும். நான் இந்த குரூப்பு அட்மின். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. தப்பான தகவல் குரூப்புல நிக்கக் கூடாது.

என்னையத் தெரியாத புது ஆளுங்களுக்காக சொல்றேன். பேரு கொளஞ்சிநாதன். விருத்தாசலத்துல செராமிக் யூனிட்டுல சூளை அடுக்குற வேலை. பியூஸ் கட்டை, டீ கப்பு, கொலு பொம்மைன்னு என்னா வந்தாலும் அடுக்கி, சுட்டு, எறக்கணும். மத்தியானத்தோட வேலை முடிஞ்சிடும். அப்பறம் கூண்டு வேலை. கோழிக் கூண்டு, ஆட்டுக் கொட்டாய், நாய்க் கூண்டு எல்லாம் செய்வேன். நானா கத்துக்கிட்டது. என் தம்பி திருமாலுக்கும் நான்தான் கத்துக் குடுத்தேன்.

கட்டுக்கம்பி எப்புடிக் கட்டணும்னு ஒரு தடவ சொல்லிடுறேன், யாருனா எடுத்து வெச்சிக்குங்க. கம்பிய ரெட்டையா மடிச்சி, சட்டத்துக்குப் பின்னால குடுத்து, வலையோட முடிச்சி விழுந்த எடத்துல வாங்கணும். நடுக்கண்ணுல வாங்கக் கூடாது, வலை இழுத்துக்கும். குறடால இழுத்துப் புடிச்சிகிட்டேதான் முறுக்கணும். முறுக்கிட்டு இழுத்தா அது கட்டு இல்ல. மூணு முறுக்கு. நாலாவது போட்டா கம்பி கழுத்து அறுந்துடும். வால வெட்டி, முனைய சட்டத்துப் பக்கமா மடிச்சி அமுக்கிடணும், இல்லன்னா ஆட்டுக் கண்ணுல குத்திடும். அப்பறம் எந்தப் பக்கம்ங்கறது. உள்ள இருக்கறது தள்ளும்னா வலை சட்டத்துக்கு உள்பக்கம் வரணும். வெளிய இருக்கறது நொழையும்னா வெளிப்பக்கம். அப்பதான் தள்ளுற பாரத்துல பெரும்பாதிய சட்டம் வாங்கும், மோதறப்ப வலை புடைச்சி ஓரத்த இழுக்குற இழுப்பு மட்டும்தான் கட்டு மேல வரும். உங்க வாத்துக்கு வெளிப்பக்கம் மேடம், கீரிக்காக.

இத ஒரு கூண்டுக்கு செஞ்சா ஒரு நாளு முழுசா போயிடும். வெரலெல்லாம் கிழியும். அதுக்கு என்னா பண்றது. வேலைன்னா அதுதான்.

திருமாலு மொதல்ல அப்புடித்தான் செஞ்சான். அப்பறம் எங்கயோ பாத்துட்டு வந்து கறுப்பு டை போட ஆரம்பிச்சான். கிர்ருன்னு ஒரு இழு, முடிஞ்சிது. நான் மூணு பக்கம் கட்டுறதுக்குள்ள அவன் ஒரு கூண்டே முடிச்சி, வண்டியில ஏத்திடுவான். பாக்கவும் வரிசையா அழகா இருக்கும், நான் பொய் சொல்லல. ஆளுங்க அவன்கிட்ட போனாங்க. மங்கலம்பேட்டைலேர்ந்தெல்லாம் ஃபோன் வரும். நான் ஒக்காத்தி வெச்சி சொன்னேன். பிளாஸ்டிக்கு வெயில்ல நிக்காதுடா, நம்ம ஊரு வெயிலு சாதாரண வெயிலு இல்லடா, ஒரு கோடை தாண்டாதுடான்னு. அவன் சிரிச்சிகிட்டே கேட்டுகிட்டான். அவன் எப்பவும் எதுத்துப் பேசமாட்டான், அதுதான் அவன்கிட்ட கஷ்டம். "சரிண்ணா, வெள்ள டைதான் ஒடையும். கறுப்பு வெயிலுக்குன்னே செய்யிறதாம்ணா"ன்னான்.

சரி, பாப்பம்னு நானே என் வூட்டு மாடியில ரெண்டையும் கட்டிப் போட்டேன். வெள்ள டை அந்தக் கோடையிலயே பொரிஞ்சி போச்சி. கறுப்பு அப்புடியே இருந்துச்சி. அடுத்த வருசமும் இருந்துச்சி.

இத யாருகிட்டயும் நான் சொல்லல. ஒரு மாடியில பாத்தத வெச்சி முடிவு சொல்லக் கூடாது இல்லையா.

ஜெயராஜ் சாரு விசயத்துக்கு வரேன். ரிட்டயர்டு வாத்தியாரு. ஊருக்கு வெளிய அவருக்கு முந்திரித் தோப்பு. சீசன்ல கொட்டைய யாரோ பொறுக்கிட்டுப் போறாங்கன்னு ரெண்டு ராட்வீலரு நாய் வாங்குனாரு. ராத்திரி தோப்புல அவுத்து வுட்டுடுவாரு, பகல்ல கூண்டுல. பகல்ல பொம்பளைங்க ஆட்டுக்குப் புல்லு அறுக்க அந்தத் தோப்பு வழியாதான் போவாங்க, அதான் கூண்டு. மொதல்ல என்னையத்தான் கூப்ட்டாரு. நான் அளவு எடுத்தேன், வலை எந்தப் பக்கம் வரணும், ஏன் கட்டுக்கம்பி, மூலைக்கு ஏன் ரெட்டைக் கட்டுன்னு வெளக்கமா சொன்னேன். அந்த மனுசன் வாட்ச பாத்தாரு. "ஏம்ப்பா கொளஞ்சி, நீ கூண்டு கட்டுறியா தாலி கட்டுறியா, இம்புட்டு யோசிக்கிற"ன்னாரு. கூட நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மறுநாளு திருமாலு போயி சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டான்.

அவன் வலைய உள்பக்கமா சரியாதான் வெச்சிருந்தான். நான் சொல்லிக் குடுத்தது. கட்டு மட்டும் டை.

அந்தக் கூண்ட நான் போயிப் போயிப் பாப்பேன். வேலை முடிஞ்சி வூட்டுக்குப் போறப்ப தோப்புப் பக்கமா வண்டிய வுட்டுட்டு ஒரு எட்டு. சித்திரை வந்துச்சி, ரோட்டுல தாரு செருப்புல ஒட்டுச்சி. இந்தத் தடவ போவும்னு நெனைச்சேன். கைய வுட்டு நெருடிப் பாத்தா கல்லாட்டம் இருக்குது. நாயிங்க ரெண்டும் வலையில காலப் போட்டு ஏறி ஏறிக் குதிக்கும், ஒண்ணும் ஆவல. மழை வந்துச்சி, நின்னுச்சி. மறுபடி கோடை, மறுபடி நின்னுச்சி. நாயிங்க என்னோட நல்லாப் பழகிடுச்சிங்க. வலை வழியா வெரல நக்கும்.

எனக்கு எப்புடி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சிப் பாருங்க. ஒருத்தன் சரியானத சொல்லிகிட்டே இருக்கான். ஒருத்தரும் கேக்கல. சரி, நடக்கறப்ப தெரிஞ்சிப்பாங்கன்னு பொறுத்திருக்கான். அது நடக்கவே மாட்டேங்குது. ஊர்ல எங்க பாத்தாலும் திருமாலு கூண்டு. கொளஞ்சியா, அவுரு நல்லாதான் செய்வாரு, ஆனா பேசியே கொன்னுடுவாருன்னு டீக்கடையில சொல்றான் ஒருத்தன், நான் பின்னால ஒக்காந்திருக்கறது தெரியாம. திருமாலு பொண்டாட்டி கமலம் தீபாவளிக்கு எனக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுக்குது. வழக்கமா நாந்தான் அவங்களுக்கு எடுப்பேன். வாங்கிக்கிட்டேன். கட்டிக்கிட்டும் போனேன்.

ஒருத்தருதான் என் பேச்சக் கேட்டாங்க. கண்ணம்மாள்னு ஒரு அம்மா. வயசு அறுவது இருக்கும், புருசன் பேரு பாவாடை. நாலஞ்சி ஆடு வெச்சிருந்தாங்க. அவங்க ஆட்டுக் கொட்டாய் முழுக்க நான்தான் கட்டுனேன், ஒவ்வொரு கட்டும் கம்பி. அந்தம்மா பக்கத்துலயே ஒக்காந்து பாப்பாங்க. முனைய ஏன் மடிக்கிறேன்னு கேட்டாங்க, ஆட்டுக் கண்ணுக்காகன்னு சொன்னேன். "பாரேன், ஆட்டுக்கு இம்புட்டுப் பாக்குற, ஒன் பொண்டாட்டி குடுத்து வெச்சவ"ன்னாங்க. அதுக்கப்பறம் வழியில என்னைய எங்க பாத்தாலும் நிப்பாட்டி, கட்டு அப்புடியே இருக்குது கொளஞ்சின்னு சொல்லிட்டுதான் போவாங்க.

இப்ப டை விசயம். யாருக்குமே தெரியாத ஒண்ண இங்கதான் சொல்லணும், இல்லன்னா நீங்கல்லாம் தப்பாவே புரிஞ்சிகிட்டு இருப்பீங்க.

சூளைக்காரனுக்கு சூடுன்னா என்னான்னு தெரியும். எந்தப் பொருளும் சூட்டுல ஒரே நேரத்துல போறதில்ல, பதம் பதமாப் போவும். எங்க சூளை மேல ஒரு தகரம் கெடக்கும், பச்சை பொம்மையக் காய வெக்கிறது. திருமாலு வாங்குற அதே கடையில, அதே கறுப்பு டை ஒரு கட்டு வாங்கி, அந்தத் தகரத்துல பரப்பி வெச்சேன். கூட வேலை செய்யிறவங்க, என்னா கொளஞ்சி வத்தல் போடுறியான்னு கிண்டல் பண்ணாங்க. ஆமாம் கத்திரி வத்தல்னு சொல்லிட்டேன்.

மொதத் தடவ அதிகமாயிடுச்சி. வளைச்சா முறுக்காட்டம் ஒடையுது. ரெண்டாவது தடவ பத்தல. அப்புடியே சில தடவ மாத்தி மாத்தி வெச்சிப் பாத்தேன். வளையணும், பூட்டு விழணும், ஆனா யாருனா பாரம் குடுத்தா பட்டுன்னு வுடணும். அந்தப் பதம் வந்துடுச்சி. பாக்க புதுசுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. பல வருசம் வெயில்ல கெடந்த டை எப்புடி இருக்குமோ அப்புடி. வெயிலு செய்ய வேண்டிய வேலைய சூளை கொஞ்சம் சுருக்கா செஞ்சிது, அவ்ளோதான். நான் புதுசா எதையும் உண்டாக்கல.

மாசி மாசம். உச்சி வெயிலு. ஜெயராஜ் சாரு காலையிலயும் சாயங்காலமும்தான் தோப்புக்கு வருவாரு. நான் போயி கூண்டுகிட்ட ஒக்காந்தேன். நாயிங்க வந்து கைய நக்குச்சிங்க. டையப் பத்தி இன்னொண்ணு தெரிஞ்சிக்குங்க, அத வெட்டித்தான் எடுக்கணும்னு இல்ல. பூட்டுக்குள்ள ஒரு சின்ன நாக்கு இருக்கும், குண்டூசியால அத நெம்புனா வழுக்கிகிட்டு வந்துடும், டை சேதமாவாது. பாதை பக்கம் இருக்குற மூலையில, கீழேர்ந்து இடுப்பு ஒசரம் வரைக்கும் எல்லாத்தையும் அவுத்தேன். அந்த எடத்துல சூளை டையப் போட்டேன். வரிசை கலையாம, திருமாலு வெச்ச மாதிரியே, பூட்டு எல்லாம் ஒரே பக்கம் பாக்குற மாதிரி. அவுத்தத சட்டை சோப்புல போட்டுகிட்டு வந்துட்டேன்.

வலைய நான் தெறக்கல. அத நல்லா கவனிங்க. நான் வந்தப்ப கூண்டு மூடிதான் இருந்துச்சி, நான் போனப்பயும் மூடிதான் இருந்துச்சி.

நான் நெனைச்சது இவ்ளோதான். என்னைக்காவது நாயிங்க வெளிய வரும், நாலு கோழியப் புடிக்கும், ஊரே பேசும். திருமாலு என்கிட்ட வந்து, அண்ணா நீ சொன்னது சரிதாம்பான். அவன் சொன்னா போதும். மறுநாளே நான் போயி கம்பியில கட்டிக் குடுத்திருப்பேன், சும்மாவே.

ஆனா ஒண்ணும் நடக்கல. அதுக்கும் பொறுமை வேண்டியிருந்துச்சி. தெனம் போயிப் பாப்பேன், நாயிங்க அந்த மூலைப் பக்கமே போவாது, அந்தப் பக்கம் நெழலு இல்ல. எதுத்தாப்ல தண்ணி தொட்டிகிட்டயே படுத்துக் கெடக்கும். பாதையில யாருனா நடந்தா மட்டும்தான் அந்த மூலைக்கு ஓடியாந்து மோதும்னு எனக்குத் தெரியும். சீசன் தொடங்கறப்ப வேலி போட்டதால ஆளுங்க அந்த வாரம் சுத்துப் பாதையில போயிகிட்டிருந்தாங்க.

ஒரு நாளு வேலை முடிஞ்சி வரேன். தோப்பு திருப்பத்துல கண்ணம்மாள் அம்மா. கையில கருக்கருவா, தலையில சும்மாடும் கூடையும். வேலியில வழி தெறந்துட்டாங்களாமே, இப்புடியே போயிடலாமான்னு கேட்டாங்க. போலாம்னேன். நாய்?ன்னாங்க. கூண்டுல இருக்குதுன்னேன். அந்தம்மா சிரிச்சாங்க.

"அது ஒன் தம்பி கட்டுன கூண்டாச்சே. பிளாஸ்டிக்கு நிக்காதுன்னு நீதான சொல்லுவ. நிக்குமா?"

விளையாட்டாத்தான் கேட்டாங்க. ஆனா பதிலு வர்ற வரைக்கும் நின்னாங்க. என் வார்த்தைக்கு அந்த மரியாதை குடுக்குற ஒரே ஆளு.

நான் என்னா சொல்ல முடியும். நிக்காதுன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. அந்தம்மா எதையும் ஏன்னு கேக்காம வுடமாட்டாங்க. அதுவும் இல்லாம, தெனம் பாக்குறேன், எத்தன நாளு இப்புடியே போவும்னு எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சி.

"நிக்கும், போங்க"ன்னேன்.

வண்டிய எடுத்துகிட்டு முக்கூட்டு டீக்கடைக்கு வந்தேன். டீ சொன்னேன். பாதி குடிக்கறப்ப தோப்புப் பக்கம் சத்தம் கேட்டுச்சி. கடையில இருந்தவங்கல்லாம் ஓடுனாங்க. எனக்கு அன்னைக்கி கால் வலி. டீய முடிச்சிட்டுப் போனேன்.

அதுக்கப்பறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஜிஎச்சுக்குக் கொண்டு போயி, அங்கேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வழியிலயே முடிஞ்சி போச்சி. போலீசு வந்து மூலையில கெடந்த டைய எடுத்து வெரலால ஒடச்சிப் பாத்தாரு. பொட்டுன்னு ஒடஞ்சிது. நான் கூட்டத்துல நின்னு பாத்துகிட்டிருந்தேன். மத்த மூணு பக்கத்து டைய ஒருத்தரு, ஒருத்தராவது இழுத்துப் பாத்திருக்கலாம். யாரும் பாக்கல. வேலை தெரியாதவங்க அப்புடித்தான். ஜெயராஜ் சாரு மேலயும் திருமாலு மேலயும் கேசு ஆச்சி. திருமாலு உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தான்.

வந்து நேரா என் வூட்டுக்குத்தான் வந்தான். நெலப்படியில ஒக்காந்து, "நீ சொன்ன. நான் கேக்கலண்ணா"ன்னான்.

அந்த வார்த்தைக்கு நான் எத்தன வருசம் காத்துகிட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. அவனுக்கு சாப்பாடு போட்டேன். கட்டுக்கம்பி மறுபடி கத்துத் தரேன்டா, ரெண்டு பேரும் சேந்து செய்யலாம்டான்னு சொன்னேன். கைய நீட்டிக் காட்டுனான். நடுங்குது. குறடு புடிக்க முடியல. இன்னைக்கி வரைக்கும் புடிக்கல.

ஊரு திருந்துச்சா, அதச் சொல்லுங்க. கொளஞ்சி அன்னைக்கே சொன்னாருன்னு ஒரு வாரம் பேசுனாங்க. அப்பறம்? சி ரிங்கு வாங்குறாங்க. ரெடிமேடு கூண்டு வாங்குறாங்க. கட்டுக்கம்பி கேட்டு எனக்கு வந்த ஃபோனு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு, அதுவும் பந்தல் போடுறதுக்கு. ஒரு உசுரு போயிருக்குது. அதுலேர்ந்து எதுவுமே கத்துக்கலன்னா அந்தம்மா செத்ததுக்கு என்னா அர்த்தம். எனக்கு ஆத்திரம் வர்றது அதுலதான். பாவாடை ஆட்டையெல்லாம் வித்துட்டாரு. கொட்டாய் மட்டும் நிக்குது. போயிப் பாத்தேன், ஒரு கட்டு கூட எளகல.

ஆடி மாசம் கமலம் வந்து அழுதுச்சி. ஒங்க தம்பி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறேன்னு நிக்கிறாரு மாமா, நீங்க கூடப் போங்கன்னு. வெளியூருக்காரங்களுக்கு சொல்றேன், மணவாளநல்லூர் கோயில்ல நம்ம கொறைய பேப்பர்ல எழுதி, முனியப்பர் முன்னால கட்டிட்டு வரது பழக்கம். மூணு மாசத்துக்குள்ள சாமி தீர்ப்பு சொல்லிடும்பாங்க. போனோம். என்னாடா எழுதுனன்னு கேட்டேன். மறைக்காம சொன்னான். தப்பு என் கை மேலன்னா இந்தக் கைய எடுத்துக்க, இல்லன்னா யாருன்னு காட்டு. அவ்ளோதான் எழுதியிருந்தான்.

கட்டுறதுக்கு நூலு எடுத்தான். ரெண்டு தடவ போட்டுப் பாத்தான், முடிச்சி வுழல. அண்ணா நீ கட்டுன்னான். எல்லாரும் நூலுலதான் கட்டுறாங்க, ஒரு மழைக்கு நிக்காது, பாதி பிராது கீழ கெடக்குது. என் சோப்புல எப்பவும் ஒரு துண்டு கட்டுக்கம்பி இருக்கும். ரெட்டையா மடிச்சி, இழுத்துப் புடிச்சி, மூணு முறுக்கு. முனைய மடிச்சி அமுக்கிட்டேன், சாமி கும்புட வரவங்க கையில குத்தக் கூடாதுன்னு. திருமாலு அதையே பாத்துகிட்டு நின்னான். "இப்புடித்தாண்ணா கட்டியிருக்கணும்"னான்.

இப்ப ஐப்பசி. கெடு முடியப் போவுது. சாமி ஒண்ணும் காட்டல, அப்ப தப்பு என் கை மேலதான்னு அவன் சொல்றானாம். மோட்டாரு ரூம்புல ஒக்காந்துகிட்டு அந்த வலது கையையே பாத்துகிட்டிருக்கானாம். சாப்புட மாட்டேங்குறானாம். அருவா, கத்தி எல்லாத்தையும் கமலம் பக்கத்து வூட்டுல குடுத்து வெச்சிருக்குது. நேத்து ஃபோன் பண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு மாமான்னுச்சி. வரேன்னு சொல்லியிருக்கேன். இந்த மெசேஜு முடிச்சிட்டுப் போலாம்னு இருக்கேன்.

நீங்க கேக்கலாம், இத்தன எழுதுறியே, இத அவன்கிட்டயே சொல்லிட்டா என்னான்னு. அவனும் இந்த குரூப்புல இருந்தவன்தான். அந்தம்மா செத்த மறுநாளு நான்தான் அவன எடுத்து வுட்டேன். நீங்கல்லாம் கண்டதையும் எழுதுவீங்க, அதப் பாத்தா அவன் மனசு தாங்காது. அண்ணன்னு ஒருத்தன் இருக்கறது எதுக்கு. நீங்களும் யாரும் இத அவனுக்கு ஃபார்வேடு பண்ண வேணாம்.

கூண்டு விசயத்துல உண்மை தெரியணும்னுதான் சொன்னேன், மத்தபடி ஒண்ணும் இல்ல. இளமதி மேடம், நீங்க கேட்டதுக்குப் பதிலு இதான். கறுப்பு டை நிக்கும். ஜெயராஜ் சாரு கூண்டுலேர்ந்து அவுத்துட்டு வந்தத வீணாக்காம என் வூட்டுக் கோழிக் கூண்டு கதவுலதான் போட்டிருக்கேன். காலையில கூட இழுத்துப் பாத்தேன், கல்லாட்டம் இருக்குது. தாராளமா போடுங்க.

ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். அன்னைக்கி அவங்க நான் சொன்னபடி கட்டுக்கம்பி போட்டிருந்தா இதெல்லாம் நடந்தே இருக்காது.